முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

வேலையிடத்து விபத்து, இழப்பீடு பற்றிப் போன இதழில் ஒரே ஒரு பத்தி எழுதினேன். பதினைந்து நாளில் மேசை நிறையக் கடிதம், போதாததற்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள். ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே பேசி அனுப்பியிருக்கிறார். பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்கிறது. இந்த முறை பட்டா, பாகப்பிரிவினை எல்லாம் வேண்டாம், பக்கம் முழுக்க இதற்கே கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: கோவையில் 1998-லிருந்து தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். அப்பா மில் தொழிலாளி, கார்டிங் டிபார்ட்மெண்ட். அவருடைய இடது சுண்டுவிரலில் நகம் இருக்காது, நகம் முளைக்கிற நுனியே இருக்காது. அதற்காக அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் டிங்சரும் அரை நாள் லீவும். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கிற பட்டறையில் ஒன்பது வருடமாகப் பிரஸ் (தகடு வெட்டும் மிஷின்) ஆபரேட்டர். அங்கே மொத்தமே ஆறு பேர்தான், ஈ.எஸ்.ஐ. கிடையாது. சம்பளம் வாரா வாரம் கையில் வாங்குவது. மாதத்துக்கு 18,000 வரும். 2025 ஆகஸ்டில் வலது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் போய்விட்டது. வயது 34. முதலாளி தனியார் ஆஸ்பத்திரி பில் 85,000 கட்டினார். இப்போது 60,000 தருகிறேன், '85 ஏற்கெனவே கொடுத்தாச்சு, இதோடு கணக்கு முடிந்தது, இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்று 100 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. போன வருடம் பெரியவனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டினார். வாங்கிக்கொள்ளலாமா? ஆஸ்பத்திரியில் வீட்டுக் கதவில் நசுங்கியது என்று எழுதியிருக்கிறார்கள், அதனால் ஏதும் பிரச்சினை வருமா? — வாசகி, கணபதி, கோவை

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம் அம்மா. முதலாளி நல்லவராகவே இருக்கட்டும், கணக்கைப் பார்த்துவிட்டு அவரிடம் பேசலாம். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இல்லாததால், உங்கள் வீட்டுக்காரருக்குப் பொருந்துவது 1923-ஆம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் விபத்து நடந்தது ஆகஸ்டில், ஆகவே பழைய சட்டம்தான். பயப்பட வேண்டாம், கணக்குப் போடும் முறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சம்பளம் 18,000 என்றாலும் சட்டம் கணக்கில் எடுப்பது 15,000 வரைதான். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு அது. (அதற்கு முன்னால் 8,000. அந்த எட்டாயிரத்தைத் தாண்ட முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்த வழக்குகள் எத்தனையோ.) 15,000-இல் 60 சதவீதம் 9,000. இதை வயதுக்கு உரிய ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். சட்டத்தின் நான்காவது அட்டவணையில் 34 வயதுக்கு 199.40 என்று இருக்கிறது. பெருக்கினால் 17,94,600. இது உழைக்கும் திறன் முழுக்கப் போனவருக்கு. ஒரே கையில் மூன்று விரல் இழந்தால் 30 சதவீத இழப்பு என்று முதல் அட்டவணை சொல்கிறது. 17,94,600-இல் 30 சதவீதம் 5,38,380 ரூபாய்.

இப்போது அந்த 60,000-ஐ இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 85,000-ஐ இதில் கழிக்க முடியுமா? முடியாது. வைத்தியத்துக்குக் கொடுத்தது இழப்பீட்டில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கமாக எழுதியிருக்கிறது. 2009-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வைத்தியச் செலவைத் தருவது முதலாளியின் பொறுப்பும்கூட. அவர் கட்டியது அவர் கட்டவேண்டிய பில். அதை மரியாதையாகவே சொல்லுங்கள்.

பத்திரம் 100 ரூபாய்க்கு வாங்கினாலும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும், 'உரிமையை விட்டுவிட்டேன்' என்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது செல்லாது. பதினேழாவது பிரிவு. சமாதானமாகப் போகக் கூடாதா என்றால், போகலாம். அந்த ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்தான் பெரும்பாலும் இந்த ஆணையர். எங்கள் ஊர்ப் பேச்சில் டி.சி.எல். தொகை அநியாயமாகக் குறைவாக இருந்தால் பதிவு செய்ய மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. முதலாளி கொண்டுவந்த பத்திரம் அந்த மேசைக்குப் போகவே போகாது, பீரோவுக்குள்தான் போகும். செல்லாத பத்திரம்தானே, போட்டுவிட்டுப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். அது செல்லாது என்று நிரூபிக்க நான் ஆறு மாதம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும்.

'அவன் அஜாக்கிரதையாக இருந்தான், நான் என்ன செய்வேன்' என்று அடுத்து வரும். இந்தச் சட்டத்தில் அஜாக்கிரதை ஒரு எதிர்வாதமே இல்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டதா என்பதுதான் கேள்வி. பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினால் பேச்சு மாறும். நான் பார்த்த பட்டறைகளில் கார்டை, அதாவது அந்தப் பாதுகாப்புத் தடுப்பை, கழற்றச் சொல்வது யார்? ஒரு ஷிப்டுக்கு இத்தனை அடி வேண்டும் என்பவர்தான். கார்டு இருந்தால் ஷீட்டைத் தள்ளி எடுக்க ஒவ்வொரு அடிக்கும் இரண்டு விநாடி கூடும். பெடலை மிதித்து மிதித்துக் கால் தன்னாலேயே ஓட ஆரம்பித்துவிடும், கை பின்தங்கிவிடும். உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், இதைத்தான் சொல்வார். அந்த மிஷினில் கார்டு கடைசியாக எப்போது இருந்தது, யார் கழற்றச் சொன்னது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை நினைவு இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அட்டவணையின் 30 சதவீதத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. ஒரு தச்சருக்கு இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு இழப்பு என்றது நீதிமன்றம். இழப்பீடு பாக்கியாவது தீர்ப்பு வந்த நாளில் இல்லை, விபத்து நடந்த நாளிலேயே என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வலது கையில் மூன்று விரல் இல்லாத பிரஸ் ஆபரேட்டர் இனி பிரஸ்ஸில் உட்கார முடியுமா என்ற கேள்வியை நாமும் எழுப்பலாம். கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கேட்காமல் விட மாட்டேன்.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. உங்கள் தொகைக்கு அது மாதம் 5,383 ரூபாய் சொச்சம். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம். முதலாளியிடம் இதைச் சொல்லும்போதே ஒன்று விசாரியுங்கள்: தொழிலாளர் இழப்பீட்டுக்கு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்திருக்கிறாரா? பேங்க் லோனோடு சேர்த்து எடுத்துவிட்டு, எடுத்ததையே மறந்துபோன முதலாளிகள் உண்டு. பாலிசி இருந்தால் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். உங்களுக்கும் அவருக்கும் முகம் கோணாமல் போகும், பீஸ் கட்டிய நன்றியும் அப்படியே இருக்கும்.

இனி, நீங்கள் கடைசியில் கேட்டது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். 'கம்பெனி பேரைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், வைத்தியம் லேட் ஆகும்' என்று கூட வந்த சூப்பர்வைசர் சொல்லியிருப்பார். நீங்களும் பதற்றத்தில் தலையாட்டியிருப்பீர்கள். சாட்சிக் கூண்டில் நாளை உங்களிடம் முதலில் காட்டப்போவது அந்தச் சீட்டைத்தான். ஆனால் கதவு மூன்று விரலை ஒரே நேர்கோட்டில் வெட்டாது. எக்ஸ்ரே படம், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் இன்றே கேட்டு வாங்குங்கள். தையல் போட்ட டாக்டரை ஆணையர் சாட்சியாக அழைக்க முடியும். இது மிஷின் காயமா, கதவுக் காயமா என்று அவர் சொல்வார். நடந்தது நடந்தபடி காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். இத்தனை மாதம் கழித்தா என்று கேட்பார்கள். ஆமாம், கழித்துத்தான்.

சம்பளத்துக்கு எழுத்து எதுவும் இல்லை என்பது அடுத்த பள்ளம். மாதம் 9,000-தான் கொடுத்தேன் என்று முதலாளி சொல்லக்கூடும். இதே மாதிரி ஒரு வழக்கில் எங்களைக் காப்பாற்றியது மகளிர் சுய உதவிக் குழுவின் கடன் விண்ணப்பம். 'இவர் எங்களிடம் மாதம் 14,500 வாங்குகிறார்' என்று அதே முதலாளி சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டுப் பரணில், ரேஷன் கார்டு உறையில் தேடுங்கள். 'நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு, அர்ஜெண்ட் ஜாப்' என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகிறது. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், சம்பளம் 13,500. காலையில் கம்பெனிக்குப் போகும் வழியில் என் ஸ்கூட்டியை ஒரு வேன் தட்டிவிட்டு முழங்கால் எலும்பு உடைந்துவிட்டது. ரோட்டில் நடந்ததற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, சிக் லீவ் போட்டுக்கொள் என்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. ஆபீஸில் போய்க் கேட்டால், சேர்ந்து நாளாகவில்லை, சிக் லீவுக்குப் பணம் வராது என்கிறார்கள். நான் எங்கே போவது மேடம்?

பதில்: இரண்டு பேரும் சேர்ந்து உங்களைத் தவறான கவுண்டரில் நிற்க வைத்திருக்கிறார்கள். சாதாரண உடம்பு சரியில்லாத லீவுக்குத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. வேலை விபத்துக்கு அது கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, நேரத்தையும் வழியையும் பார்த்தால் வேலைக்காகப் போனதுதான் என்று தெரிந்தால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும். 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்தது இது. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

பணத்திலும் வித்தியாசம் பெரிது. சிக் லீவு என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், அதற்கும் நாள் கணக்கு உண்டு. வேலை விபத்து என்றால் 90 சதவீதம், கால் சரியாகும் வரை. உங்கள் சம்பளத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 405 ரூபாய். முழங்கால் முன்போல மடங்காமல் போனால் மருத்துவ வாரியம் பார்த்துச் சதவீதம் போடும், அதன்படி ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும்.

கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நீங்களே ஈ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், எந்த ரோடு, எத்தனை மணிக்கு ஷிப்ட். ஷிப்ட் எட்டரைக்கு, விபத்து எட்டே காலுக்கு, கம்பெனிக்குப் போகிற ரோட்டில் என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்? கடிதத்தின் நகலில் ஆபீஸ் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். வேன்காரர் மீதான மோட்டார் விபத்து வழக்கு தனிக் கதை, இன்னொரு இதழில் பார்ப்போம்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு நல்ல செய்தி. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன், அதிகாலை மூன்று மணி ஷிப்டுக்குப் பைக்கில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்துபோனார். அது 2003-இல். 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம், 1923 சட்டத்திலும் இது வேலை விபத்துதான் என்று சொன்னது. இருபத்திரண்டு வருடம். அந்தக் குடும்பத்தை நினைத்தால் நல்ல செய்தி என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் இனி வருகிறவர்களுக்கு வழி திறந்துவிட்டது.

கேள்வி: என் தங்கை வீட்டுக்காரர் சென்னைப் பக்கம் அபார்ட்மெண்ட் கட்டும் இடத்தில் சாரம் சரிந்து 2025 மார்ச்சில் இறந்துவிட்டார். வயது 28. மார்ச்சுவரி வாசலிலேயே மேஸ்திரி இரண்டு லட்சம் கொடுத்து, வெள்ளைப் பேப்பரில் தங்கையின் கைநாட்டு வாங்கிக்கொண்டார். பில்டர் ஆபீஸில் கேட்டால், அவர் எங்கள் ஆள் இல்லை, மேஸ்திரியின் ஆள் என்கிறார்கள். தங்கைக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நாங்கள் அரூர் பக்கம். வழக்குக்குச் சென்னை போய்வர வசதி இல்லை. — வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: தம்பி, சென்னைக்குப் போக வேண்டியதில்லை. இறந்தவரின் குடும்பம் குடியிருக்கும் ஊருக்கு உரிய ஆணையரிடமே வழக்குப் போடலாம், 1995 திருத்தத்திலிருந்து அந்த வசதி இருக்கிறது. பில்டரின் வக்கீல் தருமபுரிப் பக்கம் வரட்டும்.

மேஸ்திரியின் ஆள் என்பதும் எடுபடாது. கட்டிக் கொடுப்பதே தொழிலாக இருக்கும் நிறுவனம் அந்த வேலையைக் காண்ட்ராக்டில் விட்டிருந்தால், தன் சொந்த ஆளுக்குக் கொடுப்பது போலவே இழப்பீடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. மனுவில் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

அந்தக் கைநாட்டை நினைத்துத் தங்கை அழ வேண்டாம். தொழிலாளி இறந்த வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரை கழிக்கலாம், அவ்வளவுதான். மார்ச்சுவரி வாசல்களில் நோட்டுக் கட்டோடு நிற்பவர்களை நினைத்துத்தான் இந்தப் பிரிவை அன்றைக்கே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

சம்பளம் 15,000 அல்லது அதற்கு மேல் என்று காட்ட முடிந்தால், அதில் பாதி 7,500. 28 வயதுக்கு எண் 211.79. ஆக 15,88,425 ரூபாய், இறுதிச் சடங்குக்குத் தனியாகக் குறைந்தது 5,000, கட்டும் நாள்வரை வட்டி. ஆணையர் இதைத் தங்கைக்கும் குழந்தைக்கும், சார்ந்திருந்த வேறு யாரும் இருந்தால் அவர்களுக்கும் பிரிப்பார். குழந்தையின் பங்கை பேங்கில் போட்டு வைப்பார்கள். அதில் யாரும் கை வைக்க முடியாது, நீங்கள் உட்பட. கோபித்துக்கொள்ளாதீர்கள், தாய்மாமன்கள் சிலரையும் பார்த்திருக்கிறேன்.

வழக்கு தயாராகும் முன்பே, இன்ன இடத்தில் இன்னார் இறந்தார் என்று ஆணையருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதை வைத்தே அவர் முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி, முப்பது நாளுக்குள் விளக்கம் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலும் வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பணியிட மரணத்துக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது. அது இதற்குப் பதில் இல்லை, இதோடு சேர்த்து. அதற்கும் மனு போடுங்கள். மார்ச் விபத்து என்பதால் 2027 மார்ச்சுக்குள் வழக்கு உள்ளே போயாக வேண்டும். இரண்டு வருடம்தான் கெடு.

கேள்வி: எனக்கு ஒரு கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கே ஒருவர் வந்து, எங்கள் வக்கீல் கேஸை முடித்துத் தருவார், ஒரு பைசா தர வேண்டாம், வருவதில் 30 சதவீதம் கொடுத்தால் போதும் என்று இரண்டு பிளாங்க் செக்கில் கையெழுத்துக் கேட்டார். கொடுக்கலாமா? — லேத் தொழிலாளி, ஓசூர்

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வது வக்கீலுக்கு விதிப்படி கூடாது. பார் கவுன்சில் தடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிக் கேஸ் பிடிப்பதும் கூடாது. என் தொழில்காரர்களைப் பற்றி எழுதுகிறேன் என்று இரண்டு பேர் நாளை கோர்ட் கேண்டீனில் என்னிடம் பேச மாட்டார்கள். பரவாயில்லை, அந்த டீ அவ்வளவு நன்றாகவும் இருக்காது.

உங்களுக்குச் செலவில்லாத வழி இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று பலகை இருக்கும். அதன் செயலாளர் ஒரு நீதிபதி. வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல் நியமிப்பார்கள். 1987-ஆம் வருடச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு இந்த உதவி வருமானம் பார்க்காமல் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. போனில் கேட்க 15100. நியமித்த வக்கீல் போனை எடுப்பதில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி அதே செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். இலவசமாகக் கிடைத்தது என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

இன்னொரு வழி, பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி. இந்த வழக்கில் வக்கீல் இல்லாமல் அவரே உங்களுக்காக ஆஜராகலாம். கறுப்புக் கோட்டுப் போடாமலேயே எங்களைத் திணறடிக்கிற சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள், அனுபவித்துச் சொல்கிறேன்.

தனியாக வக்கீல் வைத்தால் பீஸ் இவ்வளவு என்று முதலிலேயே பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பேங்க் கணக்கு உங்கள் பெயரில், பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கையில். பிளாங்க் செக் யாருக்கும் கிடையாது. மற்றக் கண் நன்றாக இருந்து, வேறு சிக்கல் இல்லாமல் ஒரு கண்ணில் பார்வை போனால் அட்டவணையில் 30 சதவீதம். அவர் கேட்டதும் 30 சதவீதம். கவனித்தீர்களா?

கேள்வி: விபத்து நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இனி முடியாதா?

பதில்: தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையர் மன்னிக்கலாம். 'சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம், வேலையும் தருகிறேன்' என்று முதலாளி இழுத்தடித்தாரா? அதற்கு அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா? எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள்.

கேள்வி: குடித்துவிட்டு வேலை செய்தான், பைசா கிடையாது என்கிறார்கள். அப்பாவுக்குக் குடிப் பழக்கம் உண்டு என்பது உண்மைதான்.

பதில்: பழக்கம் இருப்பது வேறு, அந்த நேரத்தில் குடித்திருந்தது வேறு, அந்தக் குடியால்தான் அடிபட்டது என்பது வேறு. மூன்றாவதை முதலாளி நிரூபிக்க வேண்டும். இறந்துபோனாலோ, நிரந்தரமாக முழுத் திறனும் போய்விட்டாலோ இந்தச் சாக்கே சட்டப்படி எடுபடாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் சாராய வாடை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: நான் விபத்துப் பிரிவில் நர்ஸ். கம்பெனியிலிருந்து கூட வருகிறவர்கள்தான் பெரும்பாலும் நடந்ததைச் சொல்கிறார்கள். வலியில் இருக்கிறவரிடம் எங்கே கேட்பது? டியூட்டி டாக்டரும் அதையே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். நாங்கள் செய்வது தவறா? — பெயர் வேண்டாம்

பதில்: இத்தனை கடிதத்தில் உங்களுடையதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே ஒரு வாக்கியம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பேச முடியாவிட்டால், உடன் வந்த இன்னார் சொன்னபடி என்று அவருடைய பெயரையும் போன் நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். யார் சொன்னது என்பது அந்த வரியில் இருந்துவிட்டால் அப்புறம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

நான் தொழிலுக்கு வந்த மறு வருடம், ஏழெட்டுப் பேர் வேலை செய்த சின்ன ஃபவுண்டரி ஒன்றில் மோல்டிங் பாக்ஸ் சரிந்து ஒருவருக்கு வலது மணிக்கட்டு நசுங்கிப்போனது. அந்த வழக்கு என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கட்டோடு வாங்கி, வரிசை எண் போட்டு, நானே சான்றாவணமாகத் தாக்கல் செய்தேன். ஏ.ஆர். காப்பி டாக்டர் கையெழுத்தில் கிறுக்கலாக இருந்தது. நான் படிக்கவில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் ஆவணத்தையே எடுத்து நிதானமாகப் படித்தார்: வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. என் கட்சிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டில் கிணறே கிடையாது. அதைச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. தள்ளுபடி ஆனது.

அதற்கப்புறம் பல வருடம் அவர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பேக்கரியில் டீ மாஸ்டராக இருந்தார். இடது கையால்தான் ஆற்றுவார். நான் போனால் காசு வாங்க மாட்டார்.